பொம்பளைக்கு மெஷின், ஆம்பளைக்கு வண்டி

நம் வயதுக்காரர்களில் நொண்டி ஆடாதவர்கள் யாரும் இருக்க முடியாது. ஓட்டாஞ்சில்லை எறிந்துவிட்டு, ஒரு காலை மடக்கிக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவோமே, அந்த ஆட்டம். அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது ஐம்பது வயது தாண்டும்வரை எனக்கு உறுத்தவே இல்லை.

எங்கள் தெருவில் அந்த ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப்போய்விட்டன. நாங்கள் ஆடிய காலத்தில் அவளுக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். வாசல் நிலைப்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வாள். "டேய், கட்டைவிரல் பட்டுச்சு, வெளிய வா" என்பாள். அதற்கு மறுபேச்சு கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி நகர்வாள். நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் அடுக்களைக்குப் போய் முறுக்கு டின்னைத் திறந்திருப்பாள். அவ்வளவு வேகம். தோளும் கையும் களத்தில் நெல் கட்டு அடிக்கிறவர்களுடையதைப் போல இருக்கும். பந்தயம் வைத்துப் பார்த்திருக்கிறோம். எங்களில் யாரும் அவளை ஜெயித்ததில்லை.

ஆட்டத்தில் யார் முதலில் இறங்குவது என்று தீர்மானிக்க ஊருக்கு ஊர் ஒரு பாட்டு இருக்கும். ஒவ்வொருவர் நெஞ்சாக விரலால் தொட்டுக்கொண்டே பாடுவது. எங்கள் ஊரில் ஒரே ஒரு கோடையில் பழைய பாட்டு போய், புதிதாக ஒன்று வந்தது.

"பொம்பளைக்கு மெஷின், ஆம்பளைக்கு வண்டி. பொம்பளைக்கு மெஷின், ஆம்பளைக்கு வண்டி. யாருக்கு எது, நீ போ!"

அந்தப் பாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். மாயவரத்திலிருந்து கொண்டுவந்தேன்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குக் கிழக்கே, காவிரியின் தென்கரையில் இருக்கிறது. வைகாசியில் மாயவரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, ஊனமுற்றவர்களுக்கு உதவிப் பொருள் கொடுப்பதாகச் சொன்னார்கள். அப்பா வில்வண்டி கட்டினார். வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, அத்தையைத் தூக்கி உட்கார வைத்தார்கள். துணைக்கு நான். அத்தைக்கு அது எத்தனையாவது பயணம் என்று நீங்கள் கேட்டால், ஆஸ்பத்திரிக்குப் போனதைக் கழித்துவிட்டால் அதுதான் முதலாவது. வழியெல்லாம் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாள். தரிசாகக் கிடந்த வயல், எரு வண்டி, கரும்புச் சாறு பிழிகிறவன், எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் கேட்டாள். எனக்குத் தெரியாததற்கெல்லாம் நான் பொய் சொன்னேன். பொய் என்று தெரிந்தும் ரசித்துக் கேட்டாள்.

எங்கள் ஊரிலிருந்து இன்னொருவரும் அங்கே வந்திருந்தார். அப்பாவுக்குப் பங்காளி முறை, எனக்குச் சித்தப்பா. ரைஸ்மில்லில் வேலை பார்த்தபோது பெல்ட்டில் சிக்கி, வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அதிலிருந்து அவர் மில் சித்தப்பா. மில் போன பிறகுதான் அவருக்கு மில் பெயரே வந்தது. கால்கள் இரண்டும் திடமாக இருந்தன. குத்தாலத்துக்கு நடந்தே போய் நடந்தே வருவார்.

பந்தலில் வரிசை நீளமாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு ஆபீசர். கண்ணாடி போட்டவர், சாந்தமான முகம். அவர் பக்கத்தில் டவாலி போட்ட சேவகர் ஒருவர். கூட்டம் நெருக்க நெருக்க அந்தச் சேவகருக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க. பொம்பளைக்கு மெஷின், ஆம்பளைக்கு வண்டி. பொம்பளைன்னா இந்தப் பக்கம், ஆம்பளைன்னா அந்தப் பக்கம்." கோயில் பிரசாத வரிசையில் சொல்வது மாதிரியேதான் சொன்னார். எனக்கு அது அப்போதே மனப்பாடமாகிவிட்டது.

அத்தையின் முறை வந்தபோது அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை முன்னால் நின்றார். அத்தை அந்தப் பக்கம் வரிசையாக நின்ற மூன்று சக்கர வண்டிகளைக் கையால் காட்டினாள். நீல வண்டிகள், முதுகில் வெள்ளை எழுத்து, வலது பக்கம் கையால் சுற்றுகிற மிதி, அதிலிருந்து பின் சக்கரத்துக்குச் சங்கிலி. "சார், எனக்கு அது" என்றாள். ஆபீசர் நிமிர்ந்து அவளைப் பார்ப்பதற்குள் சேவகர் பதில் சொல்லிவிட்டார். பொம்பளைக்கு மெஷின். அப்பாவும் கும்பிட்டு, மெஷின் போதும் சார், ரொம்ப சந்தோஷம் என்றார். தையல் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தால் நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தாலும் வரலாம் என்று அப்பாவுக்கு ஒரு கணக்கு. வண்டி இருந்தால் எந்த மாப்பிள்ளையும் வரமாட்டான் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

அது காலால் மிதிக்கிற மெஷின்.

திரும்பி வந்த காட்சியைச் சொல்ல வேண்டும். வில்வண்டிக்குள் அத்தை, அவள் மடியில் சாய்ந்தபடி இரும்புக் கால் வைத்த தையல் மெஷின். குலுக்கலில் அது விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே மில் சித்தப்பா நடந்து வந்தார். புத்தம்புது மூன்று சக்கர வண்டியை இடது கையால் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி ஓட்டலாம் என்றால் மிதி வலது பக்கம். அவருக்கு அந்தக் கைதானே இல்லை. வண்டியின் இருக்கையில் அவருடைய துண்டும் ஒரு வெள்ளரிப் பிஞ்சும் சொகுசாக உட்கார்ந்து வந்தன. நடக்க முடிந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டும், நடக்க முடியாதவள் மிதி மெஷினைச் சுமந்துகொண்டும் மாயவரத்திலிருந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம், பரவாயில்லையே, ஆளுக்கு ஒன்று கிடைத்துவிட்டதே என்று அப்பாவிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அத்தைதான் சிரித்தாள். கூண்டுக்குள்ளிருந்து மில் சித்தப்பாவைப் பார்த்து, "அண்ணே, துண்டுக்குக் கால் வலிக்குதாம், மெதுவா தள்ளுங்க" என்றாள். அவரும் சளைக்காமல், "ஆம்பளைன்னு வண்டி குடுத்துட்டாங்க அம்மாடி. கையி இருக்கான்னு யாரு பாத்தா" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா வண்டி மாட்டை அதட்டினார்.

மெஷினைக் கூடத்தில் வைத்து மஞ்சள், குங்குமம் வைத்தோம். பழைய புடவையால் மூடினோம். அத்தை ஒரு கையால் மிதியை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் துணியை நகர்த்திப் பார்த்தாள். குனிந்தால் ஊசி தெரியவில்லை, நிமிர்ந்தால் மிதி எட்டவில்லை. அம்மா ஒரு தலையணை உறை தைத்துப் பார்த்துவிட்டு, இது நம்ம பேர்ல வந்ததில்ல என்று எழுந்துவிட்டாள். மில் சித்தப்பா வீட்டில் வண்டி இருக்கையில் கோழி அடைந்தது.

மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை அம்மாவுடையது. அப்பா விதை நெல் விஷயமாகத் தஞ்சாவூருக்குப் போயிருந்த நாளில் காரியத்தை முடித்தாள். மெஷினை நாங்கள் பையன்கள் நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு போய் மில் சித்தப்பா வீட்டில் இறக்கினோம். அவர் முழங்கை முனையால் துணியை அழுத்திப் பிடித்து, இடது கையால் நகர்த்தி, காலால் மிதித்தார். முதல் நாளே ஒரு சாக்குக்கு வாய் தைத்துவிட்டார். ஊசியில் நூல் கோப்பதற்கு மட்டும் பிள்ளைகள் வேண்டும். நூல் கோத்தவனுக்கு வேர்க்கடலை உருண்டை. அந்த வருஷம் எங்கள் ஊரில் அறுந்த நூலுக்கும் வேர்க்கடலை உருண்டைக்கும் பஞ்சமே இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தோம். அத்தை கையை ஊன்றி, எம்பி, ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தாள். மிதியைச் சுற்றினாள். வண்டி நேரே போய்ப் பூவரச மரத்தில் முட்டியது. அடுத்த தடவை மாட்டுத் தொட்டியில். அதற்கடுத்த தடவை கொல்லையை முழுசாகச் சுற்றி வந்து அம்மா முன்னால் நிறுத்தினாள். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அத்தைக்கு அந்த வண்டியில் எங்கே போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாலு தெரு தள்ளித்தான் காவிரி. அத்தை அதைப் பார்த்ததில்லை. ஆடிப் பதினெட்டு அன்று வீடே படித்துறைக்குப் போகும். அப்பா ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அத்தை தலையில் தெளித்து, மிச்சத்தைக் கையில் கொடுப்பார். வெல்லம் கலந்த காப்பரிசியும் மஞ்சள் நூலும் அதோடு வரும். அத்தைக்குக் காவிரி வருஷத்துக்கு ஒரு முறை சொம்பில் வந்துகொண்டிருந்தது. அதில் அப்பாவுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு வருஷம்கூடத் தவறவில்லை என்பதே அவர் பெருமை.

ஆனி மாதத்தில் ஒரு காலை, தண்ணி வந்துருச்சு என்று சத்தம் கேட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேட்டூர் திறந்து நாளெண்ணிக்கொண்டே இருப்போம். கடைசியில் காய்ந்த மணலில் ஒரு சாண் உயரத்தில் நுரையும் சருகும் தேங்காய் மட்டையுமாகத் தண்ணீர் ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் ஓடுவார்கள். அதன் வாசனையை இப்போதும் என்னால் சொல்ல முடியும். சுடு மணலில் தண்ணீர் பட்டதும் எழும் அந்த ஆவி, அரிசி வறுக்கிற வாசனைக்குப் பக்கத்தில் வரும். அப்பா நாற்றங்காலுக்குப் போயிருந்தார். அத்தை வண்டியில் ஏறினாள். தெருவழியாகப் போகவில்லை, கொல்லைவழியாக, வாய்க்கால் கரையோடு போனோம். மேட்டில் நாங்கள் தள்ளினோம், சரிவில் அவள் எங்களைத் துரத்தினாள்.

கரையிலிருந்து பார்த்தாள். தண்ணீர் கிட்டே வந்ததும், இறக்கிவிடுங்கடா என்றாள். வண்டியிலிருந்து குதித்து, மணலில் கை ஊன்றிப் போய், வருகிற தண்ணீருக்கு நேரே கால்களை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். முதல் நுரை அவள் பாதத்தில் மோதி இரண்டாகப் பிரிந்தது. "டேய், கூசுதுடா" என்றாள். அந்தக் கால்களுக்கு உணர்ச்சி உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்து வருஷம் அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறேன்.

அப்பாவிடம் மாட்டியது அந்தக் கால்களால்தான். மத்தியானம் சாப்பிட வந்தவர், கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்து நின்றுவிட்டார். கைகளைக் கழுவிவிட்டிருந்தாள், பாவாடையை மாற்றிவிட்டிருந்தாள். பாதத்தில் மட்டும் காவிரிச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லோர் காலிலும் சேறு இருக்கும். அத்தை காலில் இருந்ததில்லை. அதனால் அதைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்கூட.

அப்பா சத்தம் போடவில்லை. இவளுக்கு என்ன கொறை வெச்சேன் என்பதுபோல அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். அப்புறம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் பாப்பா, நீ கேட்டு நான் எதைக் கொண்டாந்து குடுக்கல" என்றார். இருபது வயதிலும் அவள் அவருக்குப் பாப்பா. அத்தை சொன்ன பதில் இதுதான்: "எல்லாத்தையும் கொண்டாந்தீங்கண்ணே. என்னையத்தான் எங்கயும் கொண்டுபோவல."

மறுநாளே மெஷின் எங்கள் வீட்டுக்கும் வண்டி மில் சித்தப்பா வீட்டுக்கும் திரும்பிவிட்டன. அப்பாவுக்குச் சாதகமாக ஒரு செய்தியும் வந்து சேர்ந்தது. ஆபீசர் ஊர் ஊராக வந்து பார்க்கப்போகிறாராம், கொடுத்த பொருள் வாங்கியவரிடம் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். போனால் இரண்டும் போகும் என்றார் அப்பா. மில் சித்தப்பாவின் சாக்குகள் வாய் திறந்தபடி கிடந்தன. அத்தை நிலைப்படிக்குத் திரும்பினாள். ஆட்டத்தில் தீர்ப்புச் சொன்னாள், ஆனால் யார் கோட்டை மிதித்தாலும் விட்டுவிட்டாள். அது எங்களுக்குப் பொறுக்கவில்லை. நடுவர் சரியில்லை என்றால் ஆட்டம் ஆட முடியாது.

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சப்பரம் இழுப்பது உங்களுக்குத் தெரியும். சின்ன மரச் சக்கரம், மேலே தட்டி, கலர்க் காகிதம், நடுவில் ஒரு சாமி படம். கயிறு கட்டி ஆற்றங்கரைவரை இழுத்துப் போவோம். அந்த வருஷம் நாங்கள் மில் சித்தப்பாவிடம் போய்ச் சப்பரத்துக்கு வண்டி கேட்டோம். அவர் எங்களை ஒருமுறை பார்த்தார், அவர் பார்வை எங்கள் வீட்டுப் பக்கம் போய் வந்தது. புள்ளைங்க சாமிக்குக் கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது என்றார். மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டினோம். ஓலைத் தோரணம், மாவிலை, ஊதாவும் ரோஸுமாகக் காகிதம். முதுகிலிருந்த வெள்ளை எழுத்தின் மேல் பெரிதாக ஒரு மயில் வரைந்து ஒட்டினோம். மயில் வாத்து மாதிரி இருந்தது.

அன்று அப்பா முன்னதாகவே படித்துறைக்குப் போய்விட்டார். நாங்கள் சப்பரத்தை எங்கள் வாசலுக்கு இழுத்து வந்தோம். சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தோம். அம்மா அத்தைக்கு மாம்பழ நிறத்தில் புதுப் புடவை கட்டிவிட்டிருந்தாள். அப்படியென்றால் அவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அத்தை ஏறினாள். மடியில் அந்தப் பித்தளைச் சொம்பு.

கயிற்றை நாங்கள் பிடித்தோம் என்று பேர். ஓட்டியது அவள். தெருவில் நின்றவர்கள் முதலில் சப்பரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள், அப்புறம்தான் உள்ளே இருப்பவளைப் பார்த்தார்கள். போட்ட கும்பிடைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் ஒருவர் முழித்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மற்ற சப்பரங்கள் எல்லாம் எங்களுக்கு வழிவிட்டன. சின்னச் சின்னத் தேர்களுக்கு நடுவில் எங்களுடையது திருவாரூர்த் தேர்.

படித்துறையில் வண்டி நின்றது. அதற்குமேல் படிகள். அத்தை இறங்கி, வீட்டில் நகர்வதைப் போலவே, ஒவ்வொரு படியாகக் கை ஊன்றி இறங்கினாள். அப்பா பயந்துகொண்டிருந்தது இந்தக் காட்சிக்குத்தான் என்று இப்போது புரிகிறது. ஊர் முழுக்கப் பார்க்க, தன் தங்கை தரையில் நகர்வது. ஊர் பார்க்கத்தான் செய்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. அதற்குள் யாருடைய குழந்தையோ காப்பரிசித் தட்டைத் தண்ணீரில் போட்டுவிட, ஊர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பக்கத்துப் படியிலிருந்த ஒரு பெண், வழுக்கும், பாத்து வா என்று சொல்லிவிட்டு இடம் விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அப்பா இருபது வருஷமாகப் பயந்தது அவ்வளவுக்குத்தான்.

அத்தை இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். மஞ்சள் நூலைத் தானே கட்டிக்கொண்டாள். சொம்பை முக்கி எடுத்து, அப்பா பக்கம் நீட்டினாள். "அண்ணே, வருசா வருசம் நீங்க குடுப்பீங்க. இந்த வருசம் நான் தர்றேன். தலையைக் குனிங்க." அப்பா குனிந்தார். அவள் தெளிப்பதற்குப் பதிலாக முழுச் சொம்பையும் கவிழ்த்துவிட்டாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பொடி டப்பா நனைந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எல்லோரும் அது காவிரித் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் மேலே ஏறி வந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டி கட்டியிருந்ததால் உடனே தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்த பிறகு தெரிந்தது. பந்தலில் இருந்த ஆபீசர். குடும்பத்தோடு ஆற்றுக்கு வந்திருக்கிறார். அவர் மகள் சாமி படத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீசர் எங்கள் வாத்து மயிலின் கீழே எட்டிப்பார்த்த வெள்ளை எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

இது யார் வண்டி என்று கேட்டார். எங்களில் ஒருவன் முந்திக்கொண்டு சாமி வண்டி சார் என்றான். மில் சித்தப்பா கூட்டத்துக்குள் கொஞ்சம் பின்வாங்கினார். அத்தை வண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையில் அது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நான் அப்பாவைப் பார்த்தேன். தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி வண்டிங்க" என்றார் அப்பா.

ஆபீசர் அத்தையைப் பார்த்தார். பந்தலில் பார்க்காததை இங்கே பார்த்தார் என்று நினைக்கிறேன். "உங்களுக்கு மெஷின்தானேம்மா குடுத்தோம்" என்றார்.

"காலால மிதிக்கிற மெஷின் சார்" என்றாள் அத்தை. "நீங்க தினம் ரெண்டு மணி நேரம் வந்து மிதிச்சுக் குடுங்க. நான் தைக்கிறேன்."

முதலில் சிரித்தது அவருடைய மனைவி. அப்புறம் மில் சித்தப்பா. அப்புறம் படித்துறையே சிரித்தது. ஆபீசரும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு நான் லீவு. எதையும் பாக்கல. திங்கக்கிழமை வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அத்தை தலைவாரிப் பூ வைத்து, வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். என்னென்ன கேட்பார், என்னென்ன சொல்ல வேண்டும் என்று எங்களிடம் ஒத்திகை பார்த்தாள். அவர் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. நல்ல மனிதர், கண்ணை மூடிக்கொண்டார் என்று அப்பா சந்தோஷப்பட்டார். அத்தைக்கு மட்டும் ஏமாற்றம். தயார் பண்ணி வைத்த பதில்களெல்லாம் வீணாகிவிட்டன. மெஷின் மறுபடி மில் சித்தப்பா வீட்டுக்குப் போனது. சாகும்வரை அவர் அதில்தான் தைத்தார். அத்தை அந்த வண்டியில் பக்கத்து ஊர்ப் பால் சொசைட்டிக்குப் போய், பால் அளக்கிற வேலையில் சேர்ந்தாள். ஓய்வு பெறும்வரை இருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வந்த வரன் எல்லாம் வண்டியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று அப்பா வருத்தப்படுவார். வந்ததையெல்லாம் நான்தான் பார்த்துவிட்டு அனுப்பினேன் என்பாள் அத்தை.

இனி என் சங்கதி. நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், அரசாங்க வேலைக்கு வந்தேன். கடைசியில், இந்த மாதிரித் திட்டங்களுக்கு வாசகம் எழுதுகிற நாற்காலிக்கே வந்து சேர்ந்தேன். ஒரு நாள் ஒரு திட்டத்துக்கு வரைவு எழுதச் சொன்னார்கள். "பெண் பயனாளிகளுக்குத் தையல் இயந்திரமும் ஆண் பயனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டியும் வழங்கப்படும்" என்று எழுதினேன். என் பேனா எங்கேயும் தயங்கவில்லை. நல்ல வாசகம் என்று மேலே பாராட்டினார்கள். எழுதும்போது அத்தை ஞாபகம் வரவில்லை. அந்தச் சேவகர் ஞாபகம் வரவில்லை. வாசலில் பிள்ளைகளின் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு நான் பாடிய பாட்டை உத்தியோகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரியவில்லை. பின்னால் அதே தாள்களில் ஊனமுற்றோர் என்று இருந்த இடத்திலெல்லாம் மாற்றுத்திறனாளிகள் என்று திருத்த உத்தரவு வந்தது. வரி வரியாகக் கவனமாகத் திருத்தினேன். அந்த வாக்கியத்திலும் திருத்தினேன். அந்த ஒரு சொல்லை மட்டும்.

பொருளை மாற்றிக்கொண்டுவிட்டார்கள் என்று கீழேயிருந்து எப்போதாவது புகார் வரும். கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதி அனுப்புவேன். நல்ல மனிதர் என்று எனக்கும் பேர் வந்தது. ஒவ்வொரு புகாரும், இந்த வாக்கியம் தப்பு என்று எங்கிருந்தோ ஒருவர் எனக்குச் சொல்லி அனுப்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டதால் பொருளை மாற்றிக்கொண்டவர் தப்பித்தார், வாக்கியமும் தப்பித்தது. படித்துறையில் அந்த ஆபீசர் செய்ததும் அதுதான். அவராவது வேட்டியில் இருந்தார், லீவில் இருந்தார். நான் முழுச் சம்பளத்தில் இருந்தேன்.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள், சொந்தக் காசில் வாங்கியது. படித்துறையில் உட்கார்ந்து காப்பரிசி மென்றுகொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டாள். "ஏண்டா, நீ அங்க உக்காந்திருந்தியே, அந்த மெஷின் வண்டி சமாச்சாரத்தை மாத்துனியா?"

இல்லை என்றேன். நானே அப்படித்தான் எழுதினேன் என்றேன். மறைக்கத் தோன்றவில்லை.

"தெரியும்" என்றாள். மேலத் தெருவில் ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறவள், கால் சரியில்லாதவள். போன வருஷம் அவளுக்கும் மெஷின்தான் வந்ததாம். இப்போது மோட்டார் வைத்த மெஷின் தருகிறார்கள் அத்தை, மிதிக்க வேண்டியதில்லை என்று நான் என் துறைக்காக ஒரு வார்த்தை சொன்னேன்.

"மோட்டார் வெச்சுட்டா மெஷின் காலேஜுக்குப் போவுமாடா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், அந்தப் பழைய வில்வண்டிச் சிரிப்பு. பிறகு தட்டைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "அந்த ஆபீசரு திங்கக்கிழமை வரேன்னு போனாரு. வரல. சரி, நாம போவோம்" என்றாள்.

நம் சின்ன வயதில் கலெக்டர் என்றால் தஞ்சாவூர் போக வேண்டும். இப்போது மாயவரத்திலேயே இருக்கிறார், திங்கட்கிழமை மனு வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மனு எழுதினேன். பார்வையில் கண்டுள்ள, மேற்படி, பரிசீலிக்குமாறு என்றெல்லாம் என் கை தானாகப் போனது. அத்தை வாங்கிப் படித்துவிட்டு, "என்ன வேணும்னு கேட்டுட்டுக் குடுங்கன்னு எழுது. எழுதுன தப்பு என்னுதுன்னு அடியில கையெழுத்துப் போடு" என்றாள். அப்படியே எழுதினேன்.

காலையில் ஸ்கூட்டரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். தலைவாரி, பூ வைத்திருந்தாள். மேலத் தெருப் பெண் பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பாள் என்றாள். பின்னால் ஏறு என்றாள். சின்ன வயதில் தொற்றிக்கொண்டு போனதற்குப் பிறகு இப்போதுதான் அத்தையின் வண்டியில் ஏறினேன். உயரம் ஆகிவிட்டேன் அல்லவா, கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. வண்டி தெருமுனை திரும்பும்போது என் செருப்பு தரையில் உரசி இழுத்தது.

"டேய், காலு தரையில படுது" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "மடக்கிக்க."

மடக்கிக்கொண்டேன்.